மூடி எப்படிக் கழன்றது

லிஃப்ட் பழுதுபார்க்கிறவருக்கு நகரத்தின் மொட்டைமாடிகள் எல்லாம் திறந்து கிடக்கும். லிஃப்டை இழுக்கும் மோட்டார் கட்டடத்தின் உச்சியில் ஓர் அறையில் இருக்கும். அந்த அறையின் கதவைத் திறந்து வெளியே வந்தால் தண்ணீர்த் தொட்டி, காக்கை, வானம். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கதவுகளைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும் ஒருவர் ஒருநாள் அண்ணாந்து பார்த்ததில் அதிசயம் இல்லை. பார்த்தது மத்தியான நேரத்தில் என்பதுதான் விஷயம்.

கிரீஸ் படிந்த கையைத் துடைத்துக்கொண்டு நின்றபோது நீலத்தின் நடுவில் ஊசி குத்தியதுபோல் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. விமானம் என்று நினைத்தார். பத்து நிமிடமாகியும் ஓசையும் இல்லை, ஓட்டமும் இல்லை. அது வெள்ளிக் கிரகம். இடம் தெரிந்தவருக்குப் பகலிலும் வெள்ளி தெரியும் என்பதை அவருக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து அண்ணியிடம், இத்தனை வருஷமும் அது தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது, நாம்தான் போய் வந்துகொண்டிருந்தோம் என்று மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை அண்ணி, "சரிப்பா, நாளைக்கு அதையும் சாப்பிடக் கூட்டிட்டு வா" என்றார்.

ஒரு வருடத்துக்குள் பழைய தொலைநோக்கி ஒன்று வாங்கிவிட்டார். வானம் பார்க்கும் குழு ஒன்றிலும் சேர்ந்துவிட்டார். மொத்தம் பத்தொன்பது பேர். செயலாளர் தபால் அலுவலகத்தில் கடிதம் பிரிப்பவர், எதையும் எழுத்தில் வைக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. மற்றவர்கள் நட்சத்திரம், வால்வெள்ளி என்று போக, இவர் சூரியனை எடுத்துக்கொண்டார். காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போகிறவருக்கு ராத்திரி கண் விழிப்பது கட்டுப்படியாகாது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், அன்று எந்தக் கட்டடத்தில் வேலையோ அதன் மொட்டைமாடியில், தொலைநோக்கியின் முன்வாயில் கறுப்பு ஃபில்டரை மாட்டிச் சூரியப் புள்ளிகளை எண்ணுவார். ஐந்து தெரிந்தால் ஐந்து. பக்கத்தூர்க்காரர் ஏழு என்று எழுதியிருந்தாலும் இவர் நோட்டில் ஐந்துதான். மேகம் மறைத்த நாளில் ‘மேகம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஒன்பது வருடத்தில் ஐந்நூற்றுச் சொச்சம் ‘மேகம்’ சேர்ந்திருந்தது. ஊகித்து எழுதிய எண் ஒன்றுகூட இல்லை.

குழுவில் அவருக்கு ‘மூடி’ என்று பெயர். காரணம் இது. தொலைநோக்கியின் முதுகில் ஃபைண்டர் என்று ஒரு சின்னக் குழாய் இருக்கும். பெரிய குழாயை எங்கே திருப்ப வேண்டும் என்று குறிபார்க்க உதவுவது. சூரியனைப் பார்க்கும்போது பெரிய குழாய்க்கு ஃபில்டர் போட்டுவிடலாம். சின்னதற்குப் போட மாட்டார்கள். அதனால் அதை மூடியே வைக்க வேண்டும். திறந்திருக்கும் ஃபைண்டரில் கண்ணை வைத்தால் பூதக்கண்ணாடியின் அடியில் வைத்த காகிதத்தின் கதிதான் கண்ணுக்கு. பொதுமக்களுக்குக் காட்டும் நாட்களில் இவர் ஒவ்வொரு தொலைநோக்கியாகப் போய் “மூடி, மூடி” என்று தட்டிப் பார்ப்பார். அப்படி வந்த பெயர்.

கல்யாணம் ஆகாதவர். அண்ணன் வீட்டு மாடி அறையில் இருக்கிறார். அண்ணன் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் தென்பட்டால் அதிகம். வீட்டை நடத்துவது அண்ணி. ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினான்கு வருடமாக நுண்ணோக்கியில் கண் வைத்து ரத்த அணுக்களை எண்ணுவது அவர் வேலை. “நீ மேல பாத்து எண்ணு, நான் கீழ பாத்து எண்ணுறேன். இந்த வீட்டுல நேராப் பாக்குறது உங்க அண்ணன் ஒருத்தர்தான்” என்பார். சாதாரணமாகத் தம்பி என்று கூப்பிடுவார். கிண்டல் வந்தால் கொழுந்தனாரே.

கிரகண நாளன்று நூலகத்தின் மொட்டைமாடியில் முந்நூறு பேர் திரண்டுவிட்டார்கள். பாதிக் கிரகணம்தான், ஆனால் விடுமுறை நாள். வாசலில் வைத்திருந்த எச்சரிக்கைப் பலகையை எழுதியவர் மூடியே. மூன்றாவது விதி: சின்னக் குழாயின் மூடியைத் தொடாதீர்கள். ஒன்பது மணிக்கே நான்கு தொலைநோக்கிகளையும் தட்டிப் பார்த்தாகிவிட்டது. எல்லாம் மூடியிருந்தன.

பன்னிரண்டுக்குக் கால் மணி முன்பு தோள்பை மாட்டிய ஒருவர் இடித்துவிட்டதில் இவருடைய தொலைநோக்கி திரும்பிவிட்டது. சூரியன் பார்வையிலிருந்து போய்விட்டது. இப்படி ஆனால் என்ன செய்வது என்று அவரே பலருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஃபைண்டரைத் தொடாமல், தரையில் விழும் குழாயின் நிழலைப் பார்க்க வேண்டும். நிழல் எப்போது மிகச் சின்னதாகிறதோ அப்போது குழாய் சூரியனுக்கு நேர். ஆனால் அந்த நேரத்தில் மெல்லிய மேகம். நிழல் கலங்கித் தெரிந்தது. வரிசையில் நாற்பது பேர், கிரகணம் உச்சத்துக்கு வர ஐந்து நிமிடம். அவர் ஃபைண்டரின் மூடியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். சின்னக் குழாயின் பின்னால் உள்ளங்கையை நீட்டினார். கையில் விழுந்த வெளிச்சப் பொட்டை நடுவுக்குக் கொண்டுவந்தார். பத்து விநாடியில் சூரியன் அகப்பட்டது. வரிசை கைதட்டியது.

மூடியைத் திருப்பி மாட்டப் பத்து விநாடிகூட ஆகாது. அதற்குள் படிக்கட்டில் சண்டை. இலவசமாகக் கொடுத்த கிரகணக் கண்ணாடி தீர்ந்துவிட்டது என்று செயலாளரைச் சூழ்ந்துகொண்டிருந்தார்கள். பிளாஸ்கில் டீ கொண்டுவந்திருந்த அண்ணியிடம், ரெண்டு நிமிஷம் பார்த்துக்கொள்ளுங்கள், யாரையும் எதையும் தொட விடாதீர்கள் என்று சொல்லிவிட்டு ஓடினார்.

அண்ணி யாரையும் தொட விடவில்லை. பெரிய குழாயில் கண் வைத்த ஒரு பெண்மணி எடுக்கவே இல்லை. மேகம் விலகியதும் அண்ணி ஒரு கணம் வெறும் கண்ணால் அண்ணாந்து பார்த்துக்கொண்டார். அண்ணியின் முகத்துக்கு நேராக இன்னொரு சின்ன வில்லை சும்மா இருந்தது. பதினான்கு வருடமாக வில்லையைக் கண்டால் குனிந்த தலை, குனிந்தது. இடது கண்ணை மூடாமல் வலது கண்ணை மட்டும் வைப்பது நுண்ணோக்கிக்காரர்களின் பழக்கம். அப்படியே வைத்தார். ஒரே வெள்ளை. சட்டென்று நிமிர்ந்தார். பார்த்துக்கொள்ளச் சொன்ன சாமானைத் தானே தொட்டுவிட்ட கூச்சத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

மூடி திரும்பி வர ஆறு நிமிடம் ஆனது. திறந்திருந்த ஃபைண்டர்தான் முதலில் கண்ணில் பட்டது. பையிலிருந்து மூடியை எடுத்து மாட்டினார். சுற்றிலும் பார்த்தார். யாரும் கண்ணைக் கசக்கவில்லை, யாரும் அழவில்லை. அண்ணி டீ ஊற்றிக்கொண்டிருந்தார். தப்பித்தோம் என்று நினைத்தார்.

மறுநாள் காலை அண்ணி கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்ல முடியாமல் நின்றார். முள் இருக்கும் இடத்தில் ஒரு சாம்பல் பொட்டு இருக்கிறதாம். பார்வையை நகர்த்தினால் பொட்டும் கூடவே நகர்கிறதாம்.

கண் மருத்துவரிடம் மூடிதான் கூட்டிப்போனார். மருத்துவர் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, வலது கண்ணின் விழித்திரை நடுவில் சின்னத் தீக்காயம் இருக்கிறது என்றார். வலி இருக்காது. மருந்தும் இல்லை. மூன்று முதல் ஆறு மாதத்தில் கொஞ்சம் குறையலாம், மிஞ்சுவது மிஞ்சும்.

"சூரியனை நேராப் பாத்தீங்களா?"

"கண்ணாடி இல்லாம ஒரு தடவை அண்ணாந்து பாத்துட்டேன் டாக்டர். என் புத்தி."

"அப்படிப் பாத்தா பொதுவா ரெண்டு கண்ணுலயும் வரும். உங்களுக்கு ஒண்ணுல மட்டும் இருக்கே."

ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்திருப்பேன் என்றார் அண்ணி. இருக்கலாம் என்று எழுதிக்கொண்டார் மருத்துவர். பக்கத்து நாற்காலியில் இருந்த மூடிக்குப் புரிந்துவிட்டது. ஒரு கண்ணால் மட்டும் பார்க்கும்படி அந்த மாடியில் இருந்தவை குழாய்கள் மட்டுமே.

பேருந்து நிறுத்தத்தில் அண்ணி சாதாரணமாகத்தான் கேட்டார். "அந்தச் சின்னக் குழாய்லகூட ஒரு நொடி கண்ணை வெச்சேன். அதுலயும் ஃபில்டர் இருக்கும்ல?"

"ம்" என்றார் மூடி.

அதற்கு மேல் ஒரு சொல் தேவைப்படவில்லை. பேருந்து வந்தது. அண்ணிக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வந்தார்.

இதற்குப் பிறகு அண்ணி தன்னைத் தானே திட்டிக்கொள்ளத் தொடங்கினார். பக்கத்து வீட்டாரிடம், படித்த முட்டாள் என்றால் நான்தான் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அண்ணன் தொலைபேசியில் கத்தியது மாடிப்படி வரை கேட்டது. வீட்டிலேயே ஒருத்தன் விவரம் தெரிந்தவன் இருக்கிறானே, அவன் சொல்வதைக் கேட்டால் குறைந்தா போய்விடுவாய் என்றார் அண்ணன். விவரம் தெரிந்தவன் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் செய்ததெல்லாம் மற்ற வேலைகள். பாத்திரம் கழுவினார். துணி காயப்போட்டார். சமையலறைக்கு வெளிச்சம் கூடிய விளக்கு மாட்டினார். கதவுகளுக்கு எண்ணெய் விட்டார். "என்ன கொழுந்தனாரே, பொண்ணு பாக்க யாராவது வர்றாங்களா?" என்று அண்ணி கேட்டார். மத்தியானங்களில் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போவார், பெட்டியைத் திறக்காமல் இறங்குவார். வானம் பளிச்சென்று இருந்த பதினோரு நாட்களுக்கு நோட்டில் ‘மேகம்’ என்று எழுதினார். ஒன்பது வருடத்தில் முதல் பொய்கள் அவை.

பரிசோதனைக் கூடத்தில் அண்ணி கண்ணைப் பற்றி மூச்சு விடவில்லை. சூரியனைப் பார்த்துக் கண்ணைச் சுட்டுக்கொண்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது என்ற வெட்கம். இடது கண்ணால் சமாளித்தார். பதினான்கு வருடப் பழக்கம் வலது கண்ணுக்குத்தான். அடிக்கடி தானாகவே அது முந்திக்கொண்டு வரும், பார்க்கும் அணு பொட்டுக்குள் மறைந்துவிடும்.

ஏழாவது வாரம் ஒரு சாயங்காலம், துணி மடித்துக்கொண்டே சொன்னார். "இன்னைக்கு ஒரு ஸ்லைடை மூணு தடவை எண்ணினேன். மூணு தடவையும் வேற வேற கணக்கு. நடுவுல இருந்ததை எழுதிட்டு வந்துட்டேன்."

மூடிக்குப் பகீரென்றது. யாரோ ஒருவரின் ரத்தம் அது. அதைப் பார்த்து ஒரு மருத்துவர் எதையாவது முடிவு செய்திருப்பார். அண்ணி ஊகித்து எழுதுகிற ஆள் இல்லை. வெட்கம் எழுத வைத்திருக்கிறது. அந்த வெட்கத்தைத் தூக்கி அவர் தலையில் வைத்தது யார் என்பது தெரிந்தவர் உலகத்தில் ஒரே ஒருவர்.

சொல்லிவிட்டார். அதாவது, சொல்லிவிட்டதாக நினைத்தார்.

"அண்ணி, அன்னைக்கு அந்தச் சின்னக் குழாயோட மூடி கழண்டிருந்துச்சு. உங்க கண்ணு அதனாலதான் போச்சு. அண்ணாந்து பாத்ததால இல்ல."

அண்ணியின் கையில் பாதி மடித்த சட்டை. நான் கேட்டபோது ‘ம்’ என்றாயே என்று கேட்டார். அப்போது தெரியாது, பிறகுதான் யோசித்துப் பார்த்தேன் என்றார் மூடி. அந்தப் பொய்யும் வந்துவிட்டது, வழுக்கிக்கொண்டு. அண்ணி நீளமாக மூச்சு விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், இரண்டையும். "அப்போ நான் முட்டாள் இல்ல" என்றார். பிறகு, "பாவம், நீ இதை வேற மனசுல போட்டு உழட்டிட்டு இருந்தியா?" என்று அவருக்கே ஆறுதல் சொன்னார்.

திட்டியிருந்தால் அன்று அவர் தூங்கியிருப்பார்.

மறுநாள் அண்ணி நேராகக் கூடத்தின் தலைமைப் பரிசோதகரிடம் போனார். முட்டாள்தனம் என்றால் மறைக்கலாம், விபத்தை எதற்கு மறைப்பது. கண்ணைச் சொன்னார், நடுக்கணக்கையும் சொன்னார். ஏழு வாரத்தில் அவர் பார்த்த ஸ்லைடுகள் எல்லாவற்றையும் இன்னொருவர் மறுபடி எண்ணினார். முந்நூற்று எண்பதில் இரண்டு தவறு. ஒன்றால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. இன்னொன்றை நம்பி ஒரு பெண்ணைத் தேவையில்லாமல் இரண்டு நாள் மருத்துவமனையில் படுக்க வைத்திருந்தார்கள். அண்ணியை நுண்ணோக்கியிலிருந்து எடுத்து, ரத்தக் குப்பிகளில் பெயர் ஒட்டும் மேசைக்கு மாற்றினார்கள். நடந்ததை வீட்டில் சொன்னபோது, "அந்தப் பொண்ணு பாவம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் செயலாளர் வந்தார். அண்ணியே அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார், வேறு யாருக்கும் இப்படி ஆகிவிடக் கூடாது என்று. செயலாளர் இரவோடு இரவாக எழுதிக்கொண்டு வந்துவிட்டார். மற்ற ஊர்களில் உள்ள பதினான்கு குழுக்களுக்கு அனுப்ப ஓர் எச்சரிக்கை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வீட்டின் நடுக்கூடத்தில் நின்று வாசித்தார்: "இவ்வகை ஃபைண்டரின் மூடி வெயிலில் தளர்ந்து தானாகவே கழன்றுவிடுகிறது என்பது எமது குழு உறுப்பினரின் நேரடி அனுபவத்தில் தெரியவந்துள்ளது." கீழே ‘நேரில் கண்டவர்’ என்று ஒரு கோடு. அதில் கையெழுத்து வேண்டும். தொலைநோக்கியைச் செய்து விற்றவனுக்கும் ஒன்று தனியாக அனுப்புகிறேன், ஆடிப்போய்விடுவான் என்று பேனாவின் மூடியைத் திருகி நீட்டினார்.

மூடி பேனாவை வாங்கவில்லை. அந்தத் தாளில் இருந்தது நேரில் கண்டதாக ஒரு குறிப்பு. அதில் அவர் கண்ணால் கண்டது எதுவும் இல்லை. பதினான்கு ஊரில் பதினான்கு பேர் இனி மூடியின் இறுக்கத்தைச் சோதிப்பார்கள். தங்கள் கையைச் சோதிக்க மாட்டார்கள்.

"கழலல" என்றார்.

"என்ன?"

"தானா கழலல. நான் கழட்டினேன். கழட்டிப் பையில போட்டேன். மாட்ட மறந்துட்டுப் போனேன்."

செயலாளர் தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். மூடியா, என்றார் ஒரு சொல்லில். அது அவர் பெயரா, சாமானின் பெயரா என்பது யாருக்கும் விளங்கவில்லை. பிறகு தாளை நான்காக மடித்துக்கொண்டு, சரி, நான் வேறு மாதிரி எழுதுகிறேன் என்று சொல்லிச் செருப்பை மாட்டினார்.

அண்ணி சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். செயலாளர் போனதும் வாசல் கதவைச் சாத்தினார்.

"பஸ் ஸ்டாப்புல நான் கேட்டப்பவே உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"டாக்டர் ஒரு கண்ணுதானேன்னு கேட்டப்பவும்."

"தெரியும் அண்ணி."

"போன வாரம் நான் உனக்கு ஆறுதல் சொன்னேன். அப்பவும் உக்காந்து கேட்டுட்டு இருந்தே."

அண்ணி குரலை உயர்த்தவில்லை. "மூடியைக் கழட்டினதுக்கு நான் எதுவும் சொல்ல மாட்டேன். கூட்டம், அவசரம், ஆறு நிமிஷம். என் கையாலயும் தப்பு நடந்துருக்கு. ஆனா இது ஆறு நிமிஷம் இல்ல தம்பி, ரெண்டு மாசம். தினமும் காலையில எழுந்து யோசிச்சு யோசிச்சு சொல்லாம இருந்திருக்கே." பிறகு, "உங்க அண்ணன் வெள்ளிக்கிழமை வர்றார். என்கிட்ட சொன்ன மாதிரி ரெண்டு தவணையா வேணாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை ஒரே தவணையில் சொன்னார். அண்ணன் கேட்டுவிட்டு, லாரிக்காரர்கள் கிளம்புமுன் வண்டியைச் சுற்றி வருவதுபோல் வெளியே போய்த் தெருவை ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து தொலைபேசியில் தம்பியிடம் கொடு என்று கேட்பதில்லை.

செயலாளரின் புதிய எச்சரிக்கையில், குறிபார்க்க மூடியை எடுத்தவர் அதை மாட்டாமல் நகரக் கூடாது, எங்கள் குழுவில் இருபது ஆண்டுகளில் முதல் காயம் இப்படித்தான் நேர்ந்தது என்று இருந்தது. பெயர் போடவில்லை. பெயரைப் போடச் சொல்லி மூடி இரண்டு தடவை கேட்டார். குழுவில் இப்போது அவரை மூடி என்று யாரும் கூப்பிடுவதில்லை. யாரும் பேசிவைத்துக்கொண்டு நிறுத்தவில்லை. கூப்பிடவந்து நாக்கைக் கடித்துக்கொள்கிறார்கள். நோட்டில் அந்தப் பதினோரு ‘மேகங்களை’யும் சிவப்பு மையில் அடித்து, ‘பார்க்கவில்லை’ என்று திருத்தி எழுதியிருக்கிறார்.

மருத்துவமனையில் இரண்டு நாள் படுத்திருந்த பெண்ணைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பரிசோதனைக் கூடத்தின் வாசலில் ஒருநாள் போய் நின்றார். முகவரி தர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நியாயம்தான் என்றார் அண்ணி.

ஆறாவது மாதம் அண்ணி தனியாகவே கண் மருத்துவரிடம் போய்வந்தார். சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவரிடம் வந்து, பொட்டு பாதியாகிவிட்டது, மிச்சம் போகாதாம் என்று சொன்னார். நுண்ணோக்கிக்குத் திரும்ப முடியாது. பெயர் ஒட்டும் மேசைதான் இனி. அவர் தண்ணீர்க் குழாயை மூடினார்.

அண்ணி அடுப்புப் பக்கம் தலையை லேசாகத் திருப்பினார். இப்போதெல்லாம் எதையும் சற்றுப் பக்கவாட்டில் வைத்துத்தான் பார்க்கிறார்.

"அடுப்பு?"

"அணைஞ்சிருக்கு அண்ணி."

அண்ணி போகாமல் நின்றார்.

"நான் அணைச்சேன்" என்றார் அவர்.